ஆரஞ்சுப் பெட்டிக்கு அடியில் தங்கம்!

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. பொழுது விடியும் நேரம். அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் உலுக்கியது. எங்கும் தீ பரவியது.

காய்கறி மொத்த வியாபாரியாக இருந்த கியானினி, 1904-ல்தான் அங்கே ஒரு சிறு பாங்கியைத் தொடங்கியிருந்தார். வெளியூரில் இருந்த வீட்டில் இருந்து ஓடோடி வந்தார். தீ நெருங்குவதைக் கண்டதும், பணத்தையும் தங்கத்தையும் வண்டிகளில் ஏற்றினார். திருடர் கண்ணில் படாதபடி, மேலே ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கினார். இரவோடு இரவாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாங்கிக் கட்டிடம் எரிந்து சாம்பலாயிற்று.

மற்ற பாங்கிகளின் இரும்பு அறைகள் பழுக்கக் காய்ந்து கிடந்தன. உடனே திறந்தால், உள்ளே உள்ள நோட்டுகள் தீப்பற்றிவிடும்! கியானினியோ கப்பல் துறையில் ஒரு பலகையைப் போட்டு, கடன் கொடுக்கத் தொடங்கிவிட்டார். வாங்கியவரின் நாணயமே ஈடு.

அடுத்த ஆபத்துக்கு அவர் முன்கூட்டியே தயாரானார். பணமுடை வரும் என்று கணித்து, தங்கத்தைச் சேர்த்து வைத்தார். அவர் நினைத்தபடியே 1907-ல் பீதி பரவியது. பல பாங்கிகள் காகிதச் சீட்டு கொடுத்துச் சமாளித்தன. கியானினி தங்கத்தை எல்லோரும் பார்க்கும்படி அடுக்கி வைத்தார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அவருடைய பாங்கி அசையவில்லை.

கியானினி 1949-ல் காலமானார். அப்போது அந்தச் சிறு பாங்கி, ‘பாங்க் ஆப் அமெரிக்கா’ என்ற மாபெரும் பாங்கியாக வளர்ந்திருந்தது.

வெள்ளம் வருமுன் அணை போட்டவர் அவர்!