கால்மெட் கண்ட கூடுதல் காப்பு

என் தோளிலுள்ள பி.சி.ஜி. தழும்பைக் காணும்போதெல்லாம் ஆல்பர்ட் கால்மெட் நினைவுக்கு வருகிறார். 1908-இல் லீல் நகரில் கெராங்குடன் இணைந்து, மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்க்கத் தொடங்கினார். 13 ஆண்டுகள், 230 மறுவளர்ப்புகள். போரில் ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்தபோதும் பணி நிற்கவில்லை. 1921-இல் முதல் குழந்தைக்கு மருந்து புகட்டப்பட்டது.

1930-இல் ல்யூபெக்கில் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அவ்வூர் ஆய்வகத்தில் கொடிய கிருமி கலந்ததே காரணம். பழியோ கால்மெட் பெயரையும் தீண்டியது. 1933-இல் மறைந்தார்.

மருந்து பெற்ற குழந்தைகள் பிற தொற்றுகளையும் தாங்குவதாக அவர் கருதினார். பொருளியல் பயின்ற எனக்கு ஐயம்: மருந்தை நாடிய குடும்பங்கள் முன்பே வசதியானவையோ? பின்னாளில் கினி-பிசாவில், எடை குறைந்த சிசுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்ந்தார்கள், பிறந்தவுடன் பி.சி.ஜி. பெற்றோரிடையே தொற்று மரணங்கள் குறைந்தே இருந்தன.