தோர்பெக்கே

நெதர்லாந்திலுள்ள சுவோலெ நகரில் 1798ஆம் ஆண்டு தோர்பெக்கே பிறந்தார். வறுமையிடையே கற்று, லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அரசியற் சட்டத்தைத் திருத்த 1844இல் எண்மரோடு கூடி அவர் கொணர்ந்த திட்டம் நாடாளுமன்றத்தில் வீழ்ந்தது. 1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி மூளவே, அஞ்சிய மன்னர் அப்பணியை அவர் தலைமையிலமைந்த குழுவிடமே ஒப்படைத்தார். ஆட்சிக்குப் பொறுப்பு மன்னரல்லர், அமைச்சரே என்றாயிற்று.

1849இல் தோர்பெக்கே அமைச்சரவைத் தலைவரானார். 1853இல் போப்பாண்டவர் அங்குக் கத்தோலிக்க ஆயர் பதவிகளை மீண்டும் நிறுவியபோது புராட்டஸ்டண்டு மக்கள் கொதித்தெழுந்தனர். தாம் லுத்தர் சபையினராயினும், சட்டம் அளித்த சமயவுரிமையை மறுக்க அவர் ஒருப்படவில்லை, பதவி துறந்தார். பின்னும் இருமுறை அப்பதவி அவரை நாடி வந்தது.

பல்கலைக்கழகத்திற் பயில 1871இல் இசைவு வேண்டிய அலெட்டா யாக்கோப்ஸ் என்னும் பெண்ணுக்கு இசைவளித்தார். மறு ஆண்டு, பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அலெட்டா பின்னர் மருத்துவரானார்.