ஒதுங்கிய முதியவர்

ஆறு கோடுகளைப் பார்த்துவிட்டு, எழுதி முடித்த விண்ணப்பத்தை நெருப்பில் இட்டார் ஜூ ஷி. கன்பூசிய நெறிக்குப் புத்துயிர் தந்த பேரறிஞர் இப்படிச் செய்தார் என்று முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

1130இல் சீனாவின் ஃபூஜியானில் பிறந்தவர் அவர். பதவியில் இருந்த காலத்தைவிடக் கற்பித்த காலமே அதிகம். 'ஈ சிங்'கை மெய்யியல் நூலாகவே மற்றவர்கள் போற்றியபோது, அது குறி பார்க்க எழுந்த நூல் என்று துணிந்து கூறினார். 1186இல் அதற்கொரு தொடக்க வழிகாட்டியும் எழுதினார். உடன் உழைத்தவர் சாய் யுவான்திங்.

குறி பார்க்க 50 செடித்தண்டுகள் வேண்டும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 49ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். மூன்று முறை எண்ணினால் ஒரு கோடு. ஆறு கோடுகளுக்கு 18 முறை. (நம் ஊர்ச் சீனக் கோயில்களில் குலுக்கும் குச்சி வேறு.) 6 அல்லது 9 வந்தால் அக்கோடு மாறும்: உடைந்தது முழுதாகும், முழுதானது உடையும். இப்படிப் பழைய உருவத்திலிருந்து புதிய உருவம் பிறக்கும். அப்போது எதைப் படிப்பது? ஒரு கோடு மாறினால் அதன் உரை. இரண்டு மாறினால் இரண்டின் உரையும், ஆனால் மேலுள்ளதே தலைமை. மூன்று மாறினால் இரு உருவங்களின் பொது உரை என்று ஜூ ஷி வகுத்துக் கொடுத்தார்.

1194இல் பேரரசர் நிங்சோங்குக்குப் பாடம் சொல்ல அரண்மனை சென்றவர், சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டார். 1195இல் அவரை ஆதரித்த அமைச்சர் சாவ் ருயூவையும் ஹான் துவோசோ வீழ்த்தினார். ஜூ ஷி நீண்ட கண்டன விண்ணப்பம் எழுதினார். மாணவர்கள் மன்றாடியும் கேட்கவில்லை. தண்டுகளைக் கேட்போம் என்றார் சாய்.

'ஒதுங்குதல்' என்னும் உருவம் வந்தது. முதற்கோடும் நான்காம் கோடும் மாறி, அது 'குடும்பம்' ஆயிற்று. முதற்கோடு ஆபத்தைச் சொல்லிப் போகாதே எனத் தடுப்பது. நான்காவது, விரும்பி ஒதுங்கும் சான்றோனுக்கு நன்மை சொல்வது. அவர் விதிப்படி நான்காவதே தலைமை. பேசாமல் எழுந்துபோய் விண்ணப்பத்தை எரித்தார். ஒதுங்கிய முதியவர் என்று தமக்கே பெயரும் சூட்டிக்கொண்டார்.

மாணவர் கெஞ்சலுக்கு இணங்காதவர் தண்டுகளுக்கு ஏன் இணங்கினார்? அச்சம் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி அவர் எழுதியது. தமக்கு எதிராக வந்தபோது அதை வளைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒதுங்கியும் பயனில்லை. அவர் கல்வி பொய்க்கல்வி எனத் தடைசெய்யப்பட்டது. 1197இல் சாய் தொலைதூரத் தாவோசோவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். 1198இல் அங்கேயே இறந்தார். 1200இல் ஜூ ஷியும் மறைந்தார். அவருடைய உரைகள் அரசுத் தேர்வுக்குப் பாடமாக 1313 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாய் புறப்படுமுன் நண்பர் இருவரும் ஓர் இரவு சேர்ந்து தங்கினார்கள். விடியும்வரை தூங்காமல் ஒரு பழைய நூலின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.