பரிசு வேண்டாத வேட்டைக்காரர்

உத்தரகண்ட் மாநிலத்தின் ராம்நகரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் திறந்த ஜீப்புகளில் செல்வோர் அனைவரும் ஒன்றையே தேடிச் செல்கின்றனர். யானையும் புள்ளிமான் கூட்டமும் எதிரே வந்தாலும், புலி கண்ணில் படாவிட்டால் காட்டையே காணாதவர்போல முகம் வாடித் திரும்புகின்றனர். பணி ஓய்வுக்குப் பின் நானும் அங்கே இருமுறை சென்றேன், புலி தென்படவில்லை. ஆனால், எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிச் செவிமடுத்த விதம் மனத்தில் நின்றுவிட்டது. முதலில் மரக்கிளையிலிருந்து மந்தியின் எச்சரிக்கைக் குரல். சற்றுப் பொறுத்துப் பள்ளத்திலிருந்து கடமானின் குரல். அவை எழுந்த இடங்களை வைத்துப் புலி எத்திசையில் நடக்கிறது என்று அவர் கணித்தார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இதே கலையைக் காட்டில் நடந்தே, பெரும்பாலும் தனியாக, பயின்றவர் ஜிம் கார்பெட். அவர் பெயரைத்தான் அந்தக் காப்பகம் தாங்கி நிற்கிறது.

1875-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தவர் அவர். அஞ்சல் நிலையத் தலைவராக இருந்த தந்தை, மகனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே காலமானார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையடிவாரத்துக் காலாடுங்கிக்கு இறங்கிவிடும். பள்ளியில் கற்றதைவிட அந்தக் காட்டோரத்தில் கார்பெட் கற்றதே அதிகம். இளம் வயதிலேயே ரயில்வே வேலை கிடைத்தது. பின்னர் பிகாரில், கங்கைக் கரையின் மொகாமா படித்துறையில், அகலப் பாதையிலிருந்து மீட்டர் பாதைக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை எடுத்து இருபதாண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

வேட்டைக் கதைகளில் மூழ்குவோர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதி இது. பொருளியல் கற்பித்த எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. தொடக்க மாதங்களில் ரயில்வேயிடமிருந்து பணம் வரவில்லை. கூலியாள்கள் ஒருவேளை உணவுடன் மூட்டை சுமந்தனர். ஒப்பந்ததாரரும் அவர்களோடு சுமந்தார். பணம் வந்ததும் முதலில் அவர்களுக்கே பங்கிட்டார். பிற்காலத்தில் மனிதர்களைத் தின்னும் புலிகளை அவர் எப்படி அணுகினார் என்பதற்கான திறவுகோல் அந்தப் படித்துறையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

1907-இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டது அவரைக் குமாவுன் மலை முழுவதும் அறியச் செய்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றதாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 436. கடைசியாகப் பலியானவள் பதினாறு, பதினேழு வயதுப் பெண். தாசில்தார் ஏறக்குறைய முந்நூறு பேரைத் திரட்டி மலைச்சரிவில் ஓசை எழுப்பி விரட்டச் செய்தார். தோட்டாக்கள் தீர்ந்துபோக, தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் கார்பெட் வேலையை முடித்தார். பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னொரு காலத்தில் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. இயல்பான இரையைக் கொல்ல முடியாத விலங்கு மனிதரிடம் வந்திருக்கிறது.

முள்ளம்பன்றியின் முட்கள் தைத்துச் சீழ்பிடித்த புலிகளும் இப்படி மாறியதுண்டு. எனினும், சரியாகக் குறிபார்க்காமல் சுட்டுவிட்டு, காயப்பட்ட விலங்கைத் தேடாமல் திரும்பிய வேட்டைக்காரர்களே பல உயிரிழப்புகளுக்குத் தொடக்கம். ஒருவர் செயலின் செலவை அதில் தொடர்பற்ற வேறொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். மாலைப்பொழுதுக்காக ஒரு கனவான் சுட்டதன் செலவை, புல்லறுக்கச் சென்ற மலைநாட்டுப் பெண் உயிரால் செலுத்தினாள். இந்தக் கணக்கை கார்பெட் அளவுக்குத் தெளிவாகப் புரிந்துகொண்ட வேட்டைக்காரர் அக்காலத்தில் அரிது. ஆட்கொல்லியைத் தேடிச் செல்ல அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: அரசு அறிவித்த பரிசுத்தொகையை விலக்கிக்கொள்ள வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுடுபவர் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறர் குண்டுக்குத் தவறுதலாகப் பலியாகவும் விரும்பவில்லை.

அவரை மகானாக்கிவிடவும் கூடாது. 1930-இல் பவல்கட் காட்டில் அவர் சுட்ட மாபெரும் ஆண்புலி எந்த மனிதரையும் கொன்றதில்லை. அதன் பருமனே அதற்கு எமனாயிற்று. வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆளும் வர்க்கத்தோடு அவர் கொண்டிருந்த நெருக்கத்தை அவரது அபிமானிகள் மென்று விழுங்குவது சரியன்று.

ஆனால், அதே பத்தாண்டுகளில் துப்பாக்கியின் இடத்தைப் படக்கருவி பிடித்துக்கொண்டது. வன அதிகாரி சாம்பியன் இதில் அவருக்கு முன்னோடி. ஓடைக்கரையில் மறைந்திருந்து புலிகளைத் திரைப்படச் சுருளில் பதிவுசெய்யப் பல மாதங்கள் காத்திருந்தார் கார்பெட். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றார். அவர் மறைவுக்குப் பிறகு அது அவர் பெயரைப் பெற்றது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். 2022 கணக்கெடுப்பின்படி அங்கு 260 புலிகள். மகிழத்தக்க எண்தான். ஆயினும், காப்பக ஓரத்தில் புல்லும் விறகும் தேடிச் செல்லும் பெண்கள் புலிக்குப் பலியாகும் செய்திகள் இன்றும் வருகின்றன. புலியைக் காணும் இன்பம் ஜீப்பில் செல்லும் நமக்கு. அதன் ஆபத்து அவர்களுக்கு. சுற்றுலா வருவாயில் முதல் உரிமை அந்தக் கிராமங்களுக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கார்பெட் இதைத் தம் சொந்தப் பணத்தில் செய்து பார்த்தவர். 1915-இல் காலாடுங்கி அருகே சோட்டி ஹல்த்வானி என்ற பாழடைந்த கிராமத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியமர்த்தினார். பயிரைக் காட்டுப்பன்றிகள் அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். 1947-இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்த பின்னும், அந்த நிலத்துக்கான வரியை அங்கிருந்தே கட்டிவந்தார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் அவர் இறந்த பிறகு நிலம் உழுதவர்களுக்கே உரிமையாயிற்று.