குயவர் வீட்டு ஓடு

ஆலங்குடி பக்கம் பஸ்ல போயிருந்தா கவனிச்சிருப்பீங்க. அய்யனார் கோயில் மரத்தடியில மண் குதிரைகள் வரிசையா நிக்கும். புதுசு செக்கச்செவேல்னு இருக்கும்; பழசு காது உடைஞ்சு, பாசி பிடிச்சு நிக்கும். செய்யறவங்க வேளார். புரவி எடுப்புக்கு முன்னாடி ஊர்க்காரங்க ஒரு பிடி மண்ணை அவங்க கையில கொடுப்பாங்க. பிடிமண். அதை வாங்கிட்டா வாக்கு கொடுத்த மாதிரி, குதிரை வந்தாகணும்.

மண்ணுக்கும் வாக்குக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் புரியணும்னா சிதம்பரத்துல வாழ்ந்த ஒரு குயவரைத் தெரிஞ்சுக்கணும். திருநீலகண்டர். ஓயாம அவர் சொன்ன சிவன் பேரே அவருக்குப் பேராயிடுச்சு. சுந்தரர் அடியார்களை வரிசையா பாடினப்போ, தில்லைவாழ் அந்தணர்களுக்கு அடுத்து, தனி ஆளா முதல்ல வர்றது இந்தக் குயவர்தான். விரிவான கதை 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதின பெரியபுராணத்துல இருக்கு.

பானை வித்துப் பிழைப்பு. சிவனடியார்களுக்கு மட்டும் பிச்சையெடுக்கற ஓடு இலவசம். நல்ல மனுஷன், ஆனா இளவயசுல ஒரு தப்பு பண்ணார். வேற ஒரு பெண் வீட்டுக்குப் போய் வந்தார். மனைவிக்குத் தெரிஞ்சது. சமாதானம் பண்ண கிட்ட வந்தவரை, திருநீலகண்டத்து மேல ஆணையிட்டு, தொடக்கூடாதுன்னு தடுத்தாங்க. கோபத்துல தன்னைன்னு சொல்லாம பன்மையில சொல்லிட்டாங்க. அவர் அதைப் பிடிச்சுக்கிட்டார்: இனி எந்தப் பெண்ணையும் மனசாலயும் தொடறதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, வெளியில யாருக்கும் தெரியாது. அப்படியே ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. (இவ்வளவு உறுதியான அந்தம்மா பேரை சேக்கிழார் சொல்லவே இல்லை. எனக்கு அது உறுத்தல்தான்.)

ஒருநாள் ஒரு சிவயோகி வந்து, விலைமதிப்பில்லாததுன்னு சொல்லி ஒரு ஓட்டைக் கொடுத்து, கேக்கும்போது தரச்சொல்லிட்டுப் போனார். நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்போ, வெச்ச இடத்துல அது இல்லை. வீடு முழுக்கத் தேடியாச்சு. வேற நல்ல ஓடு தர்றேன்னார் குயவர். யோகி தங்கத்துல தந்தாலும் வேண்டாம்னுட்டார்.

இந்த இடத்துலதான் நான் நின்னுட்டேன். வாழ்நாள் முழுக்க ஓடு செஞ்ச மனுஷன் அவர். பச்சை மண்பாத்திரம் உடைஞ்சா தண்ணி விட்டுக் கரைச்சு மறுபடி வனையலாம். சூளையில 600 டிகிரி தாண்டினா அந்த மண்ணுக்குள்ள கட்டுண்ட தண்ணி போயிடும், அப்புறம் எவ்வளவு ஊறவெச்சாலும் களிமண் ஆகாது. மெட்டீரியல் சயின்ஸ்ல மார்க்குக்காகப் படிச்சோமே, அதேதான். அவர் கையால புதுசு நூறு வரும். நம்பிக் கொடுத்த அந்த ஒண்ணு வராது.

திருடலைன்னா மனைவி கையைப் பிடிச்சுக் குளத்துல முங்கிச் சத்தியம் பண்ணுன்னார் யோகி. முடியாதுன்னார் இவர். வழக்கு தில்லைவாழ் அந்தணர்கள் கிட்ட போச்சு. அவங்களும் முங்கத்தான் வேணும்னாங்க. ஒரு மூங்கில் கோலோட ரெண்டு முனையை ஆளுக்கொண்ணா பிடிச்சு இறங்கினாங்க. யோகி ஒத்துக்கலை, கையைத்தான் பிடிக்கணும்னார். வேற வழியில்லாம, இத்தனை வருஷம் மூடி வெச்ச கதையை, தன் தப்பையும் சேர்த்து, ஊர் முன்னாடி சொன்னார் குயவர். சொல்லிட்டு முங்கினார்கள். எழுந்தப்போ ரெண்டு பேருக்கும் இளமை திரும்பியிருந்தது. யோகியைக் காணோம், வந்தது சிவன்.

1939ல எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிச்சு இது படமாவும் வந்தது. சிதம்பரம் போனா நடராஜர் கோயிலோட திரும்பிடாதீங்க. இளமையாக்கினார் கோயில்னு கேளுங்க, வழி சொல்வாங்க. குளம் அங்கதான் இருக்கு.