லிப்டன் விலக்கிய தரகர்களும் விலக்காத கங்காணிகளும்

லுணுகலையில் கொழுந்து பறித்த குடும்பமொன்றில் பிறந்தவன் நான். எங்கள் ஊரிலிருந்து பசறை, பதுளை தாண்டி அப்புத்தளைக்கு ஏறினால் தம்பேத்தன்ன தோட்டம் வரும். வழங்கல் சங்கிலி என்று இன்று வணிகப் பாடத்தில் படிப்பிக்கிறார்களே, அதை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திக் காட்டிய தோமஸ் லிப்டனின் தோட்டம் அது.

லிப்டன் 1848 இல் கிளாஸ்கோவில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோர் சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தனர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டார்; பதின்ம வயதில் அமெரிக்கா சென்று கடை வேலை பழகினார். 1871 இல் சொந்தக் கடை திறந்தார். வெண்ணெயையும் முட்டையையும் அயர்லாந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினார். தரகுப் பணம் மிஞ்சியது, விலை குறைந்தது, கடைகள் பெருகின.

கோப்பி நோயில் அழிந்து, இலங்கைத் தோட்டங்கள் மலிவாக விலைபோன காலத்தில், 1890 இல் ஊவாவில் நிலம் வாங்கினார். அதுவரை தேயிலை ஏலம், தரகர், மொத்த வியாபாரி எனப் பல கைகள் மாறியே கடைக்குப் போனது. லிப்டன் தோட்டம், தொழிற்சாலை, கலவை, பொதி, கடை எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைத்தார். நிறை குறித்த சிறு பொதிகளில் விற்றதால் ஏழை வீடுகளுக்கும் தேத்தண்ணி எட்டியது. ஆனாலும் அவர் விற்றதில் சொந்தத் தோட்டத்துத் தேயிலை சிறு பங்குதான்; மிகுதியைச் சந்தையில் வாங்கினார். விளம்பரம் அதைச் சொல்லவில்லை.

விளம்பரம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. சங்கிலியின் மேல்முனையில் தரகர்கள் போனார்கள். கீழ்முனையில் கங்காணி அப்படியே இருந்தார். தமிழகத்திலிருந்து எம்மவரைக் கூட்டி வந்தவரும், முற்பணக் கடனில் கட்டி வைத்தவரும் அவரே. கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இலங்கைத் தோட்டங்களில் இந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

லிப்டன் 1898 இல் சேர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணப் படகோட்டத்தில் ஐந்து முறை தோற்றும் புகழடைந்தார். 1931 இல் இறந்தபோது, செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு 1948 இல் குடியுரிமையும் பறிபோனது. 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்கு ஓடியவர்களைப் போர் அங்கேயும் துரத்தியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதை வாசிக்கும் பலருக்கு இது சொந்தக் குடும்பக் கதை.

லிப்டனின் கெட்டித்தனத்தை நான் மறுக்கவில்லை. கைகளைக் குறைத்தால் விலை குறையும் என்பதை அவர் நிரூபித்தார். மிஞ்சிய பணத்தில் முதற் கைக்கு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் இன்றுவரை தீரவில்லை. சம்பளப் பேச்சு மேசையில் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.