கலோரியை உணவுத்தட்டுக்குக் கொண்டுவந்த அட்வாட்டர்

உணவுப் பொட்டலத்தின் மேலுறையில் குறிக்கப்பட்டிருக்கும் கலோரி என்பது, அவ்வுணவு உடலுக்கு அளிக்கக்கூடிய ஆற்றலின் அளவாகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோகலோரி. உணவியலில் கலோரி எனச் சுருக்கமாக வழங்குவது இதுவே. இவ்வளவீட்டை ஆய்வகத்திலிருந்து அன்றாட உணவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆலின் அட்வாட்டர். கலோரி எதனைக் கூறுகிறது, எதனைக் கூறுவதில்லை என்பதை அவரது வாழ்க்கை தெளிவாக விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

அட்வாட்டர் 1844ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், மக்காச்சோளத்தின் வேதியியல் கூறுகளை ஆராய்ந்து 1869இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியில் பயின்று தாயகம் திரும்பி, வெஸ்லியனில் பேராசிரியரானார். 1875இல் அமெரிக்காவின் முதல் மாநில வேளாண் ஆய்வு நிலையம் கனெக்டிகட்டில் தொடங்கப்பட்டபோது, அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். உரங்களையும் தீவனங்களையும் ஆராய்ந்துவந்த அவருடைய கவனம் படிப்படியாக மனித உணவின்பால் திரும்பியது.

மனிதரை அளந்த அறை

1890களில் இயற்பியலாளர் எட்வர்டு ரோசாவுடன் இணைந்து, மனிதர் தங்கக்கூடிய ஒரு கலோரிமீட்டர் அறையை அட்வாட்டர் அமைத்தார். தன்னார்வலர்கள் அச்சிற்றறையில் நாள்கணக்கில் உண்டு, உறங்கி, சில வேளைகளில் மிதிவண்டிக் கருவியை மிதித்து உழைத்தனர். அவர்கள் உடலிலிருந்து வெளிப்பட்ட வெப்பத்தை, குழாய்களில் ஓடிய நீர் ஏற்று வெளியே கொண்டுசென்றது. வெளிவிட்ட கரியமில வாயுவும், மலமும் சிறுநீரும்கூட அளக்கப்பட்டன. உணவின் வழியே உட்சென்ற ஆற்றலும் உடல் செலவிட்ட ஆற்றலும் மிக நெருக்கமாக ஒத்திருந்தன. ஆற்றல் அழிவதில்லை என்னும் இயற்கை விதி மனித உடலுக்கும் பொருந்தும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

நான்கு, ஒன்பது, நான்கு

உணவை ஆய்வகத்தில் எரித்தால் கிடைக்கும் வெப்பம் முழுவதையும் உடல் பெறுவதில்லை. ஒரு பகுதி செரிக்காமல் மலத்தில் கழிகிறது. புரதத்தின் ஆற்றலில் ஒரு பகுதி யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. இவ்விழப்புகளைக் கழித்த பின், ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, புரதத்துக்கு 4 கிலோகலோரி என்னும் மதிப்புகளை அட்வாட்டர் வகுத்தார். இன்றைய உணவு அட்டவணைகள் பலவற்றுக்கும் அடிப்படை இவையே. இக்கணக்கின்படி, 5 கிராம் சர்க்கரை 20 கிலோகலோரியும், அதே எடையுள்ள எண்ணெய் 45 கிலோகலோரியும் தருகின்றன.

மதுவினால் எழுந்த எதிர்ப்பு

உடல் மதுவையும் எரித்து ஆற்றல் பெறுகிறது என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. போதகரின் மகனான அவரை மதுவிலக்கு இயக்கத்தினர் கடுமையாகக் கண்டித்தனர். மது வணிகர்களோ அம்முடிவைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டனர். மதுவில் கிராமுக்கு 7 கிலோகலோரி உண்டு என்பது உண்மை. ஆயினும் ஆற்றல் தருவதனால் மட்டும் ஒரு பொருள் நல்லுணவாகிவிடாது. மது கல்லீரலையும் பிற உறுப்புகளையும் கெடுக்கிறது.

கணக்குக்குள் அடங்காதவை

குறைந்த செலவில் மிகுந்த ஆற்றலையும் புரதத்தையும் பெறும் வழியை ஏழைக் குடும்பங்களுக்குக் காட்ட அட்வாட்டர் விரும்பினார். மாவும் அவரையினங்களும் சிக்கனமானவை என்றும், கீரை, காய், பழங்களுக்குச் செலவிடும் பணத்துக்கு ஈடான ஆற்றல் கிடைப்பதில்லை என்றும் கருதினார். வைட்டமின்கள் அப்போது அறியப்படவில்லை. 1904இல் பக்கவாதத்தால் தாக்குண்ட அவர், 1907 செப்டம்பரில் காலமானார். வைட்டமின் என்னும் சொல்லே 1912இல்தான் தோன்றியது. ஆற்றலைத் துல்லியமாக அளந்த அக்கணக்கில் வைட்டமின்களுக்கும் தாது உப்புகளுக்கும் நார்ச்சத்துக்கும் இடமில்லை.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கருத வேண்டியவை

• கலோரி ஆற்றலின் அளவு மட்டுமே. உணவின் முழுத் தரத்தையும் அது காட்டாது. கலோரி குறைவு என்பதற்காகக் கீரையையும் காய்களையும் விலக்க வேண்டாம்.

• இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ பயன்படுத்துவோர் உணவைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

• காசநோய் போன்ற நோய்களால் உடல் மெலிந்தோருக்குப் போதிய ஆற்றலும் புரதமும் இன்றியமையாதவை.

• சிறுநீரக நோயாளிகள் புரத அளவை மருத்துவரின் அறிவுரைப்படியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்குரிய கலோரித் தேவை வயது, உடல் எடை, உழைப்பு, நோயின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும். எனவே உணவைக் குறைப்பதற்கோ கூட்டுவதற்கோ முன்பு, மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ கலந்தாலோசிக்கவும்.